உளுத்த கேபின் கூரையை உள்ளிருந்தே செப்பனிடுதல்

சிறிய ஃபைபர் கிளாஸ் படகுகளின் கேபின் கூரை ஒரே பலகையாகத் தெரிந்தாலும், பலவற்றில் அது மூன்று அடுக்குகளால் ஆனது. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர் கிளாஸ் தோல், நடுவில் எடை குறைந்த பால்சா மரம் அல்லது ஒட்டுப்பலகை. மூன்றும் இறுக ஒட்டியிருக்கும்வரைதான் ஆள் ஏறி நின்றாலும் கூரை வளையாது. நானும் என் மைத்துனரும் சேர்ந்து வாங்கிய பழைய பாய்மரப் படகில், கைப்பிடிக் கம்பியின் அருகே கால் வைத்தால் கூரை அமுங்கியது, நடுமரம் உளுத்திருந்தது.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது, அளவு 2,100 மில்லிமீட்டருக்கும் மேல். கூரை மரத்துக்குக் கடல்நீரைவிட இந்த மழைநீரே பெரிய பகை, ஏனெனில் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஓரளவு தடையாக இருக்கும், நன்னீர் அப்படி இருப்பதில்லை. கைப்பிடிக் கம்பியைப் பொருத்தும் போல்ட் துளைகளைச் சுற்றிய சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வெடித்ததும் நீர் உள்ளே இறங்கிவிடுகிறது.

பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும். எல்லையைப் பென்சிலால் குறித்து, உட்பக்கத்திலிருந்து சிறு துளைகள் இட்டுப் பார்த்தோம். துளைக்கருவியின் நுனியில் வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் மரம் நலம்; எங்களுக்குக் கரும்பழுப்பாக, விரலில் ஒட்டும் ஈரத்தூள் வந்தது.

மேல்தோலை அறுத்துத் திறப்பதே எளிது என்று பலரும் சொல்வார்கள். புவியீர்ப்பு துணை நிற்கும், ஒட்டப் பயன்படும் ரெசின் என்ற பிசின் முகத்தில் சொட்டாது. ஆனால் பிற்பகல் இடிமழை எப்போது வரும் என்று தெரியாத ஊரில் கூரையை வானத்துக்குத் திறந்துவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வழுக்காத மேற்பரப்பின் வார்ப்பை மறுபடி உருவாக்குவதும் கடினம். சின்னப் படகுக்கு உள்ளிருந்து செய்வதே நம் ஊருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. தூசு மிகுதி என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

உள்தோலை மட்டும் அறுத்து இறக்கியபோது, பால்சா வடிகட்டியில் மிஞ்சிய காப்பிச் சக்கையாகக் கையில் வந்தது. நாற்புறமும் வெளிறிய உலர்ந்த மரம் தெரியும்வரை சுரண்டினோம்.

அடுத்து உலர்த்துவது. பழுதுபார்ப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதில் அவசரப்பட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், கதவைத் திறந்துவைத்தால் ஈரம் உள்ளேதான் வரும். ஆகவே எல்லாத் திறப்புகளையும் மூடி, காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையரையும் மின்விசிறியையும் ஓடவிட்டோம். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழையை விட்டு, பிப்ரவரியின் வறண்ட நாள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒட்டுவதற்கான ரெசின் எபாக்சி; அதில் கலந்து அதை இறுகவைக்கும் ஹார்டனரில் மெதுவாக இறுகும் வகையையே வாங்க வேண்டும். நம் வெப்பத்தில், ஆழமான கோப்பையில் கலந்து வைத்தால் அது தானாகச் சூடேறிக் கெட்டியாகிவிடும். சிறிது சிறிதாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும். முதலில் மேல்தோலின் அடிப்புறத்தில் நீர்த்த பூச்சு, பிறகு சிலிக்காத் தூள் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் ஒரு பூச்சு. பால்சாவுக்குப் பதில் நீர் உறிஞ்சாத பிவிசி ஃபோமை (இறுகிய பிளாஸ்டிக் நுரைப்பலகை) அதே தடிமனில் வெட்டி, காற்றும் மிகுதி ரெசினும் வெளியேறச் சிறு துளைகள் இட்டுப் பதித்தோம். பாலிதீன் விரித்த பலகையை அடியில் வைத்து, கேபின் தரையிலிருந்து சட்டங்களால் முட்டுக்கொடுத்து இறுக்கினோம். இறுகிய எபாக்சியின்மேல் ஈரக்காற்றால் படியும் மெழுகு போன்ற படலத்தை, அடுத்த அடுக்குக்கு முன் வெறும் தண்ணீரும் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவிவிட வேண்டும். உள்தோலின் விளிம்பை 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு 24 மில்லிமீட்டர் என்ற சரிவில் தேய்த்து, அதன்மேல் புதிய கண்ணாடியிழைத் துணியைப் படியவைத்தோம்.

போல்ட் துளைகளை அப்படியே விட்டால் நோய் திரும்பிவிடும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, சுற்றியுள்ள நடுப்பொருளைச் சற்றுத் தோண்டியெடுத்து, கெட்டி எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே புதிய துளை இட்டோம். இனிச் சீலன்ட் வெடித்தாலும் நீர் எபாக்சியைத்தான் தொடும். கைப்பிடிக் கம்பியை, நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் போன்ற பியூட்டைல் நாடா வைத்துப் பொருத்தினோம். உட்கூரைக்கு மறுபடி வினைல் விரிப்பு ஒட்டாமல் வெள்ளை வண்ணம் மட்டும் அடித்திருக்கிறோம். ஒரு துளி கசிந்தாலும் கறை அன்றே கண்ணில் படும்.