36 மாத்திரை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக் கடையில் வேலை எனக்கு. காலை 10 மணிக்குக் கடையில் நின்றால் இரவு 8 மணிவரை நிற்பதுதான். இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்துப் பல வருஷமாச்சு, பழகிவிட்டது. தீபாவளி வியாபார நேரத்தில் மலத்தோடு ரத்தம் வந்தபோதுதான் பயந்தேன்.

வீட்டில் வாயே திறக்கவில்லை. உடம்புச் சூடு என்று நானே முடிவுகட்டி, ஊறவைத்த வெந்தயமும் மோருமாக 3 வாரம் குடித்தேன். ரத்தம் நிற்கவில்லை. ஒருநாள் வலியில் கழிவறையிலிருந்து எழவே முடியவில்லை. "ம்மா, என்னாச்சு, சொல்லுங்க" என்று மகள் கதவைத் தட்டி அழுதாள். அன்றைக்கே கிளினிக்.

பெண் டாக்டர். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார். சில நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டார். மூலம்தான், ஆனாலும் 52 வயதில் ரத்தம் வந்தால் மூலம் என்று விட்டுவிடக் கூடாது, குடலையும் கேமரா விட்டுப் பார்க்கணும் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். மருந்துக்கு டாஃப்லோன் எழுதினார்.

பார்மசியில் இருந்த சீனப் பெண் பெட்டிமேல் பேனாவால் எழுதித் தந்தாள்: முதல் 4 நாள் தினம் 6, அடுத்த 3 நாள் தினம் 4. மொத்தம் 36. "லெப்பாஸ் மாக்கான், ஆன்ட்டி" என்று மலாயில் சொல்லி, சாப்பாட்டுக்குப் பிறகு என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம், அதில் 450 டையோஸ்மின், மீதி ஹெஸ்பெரிடின் வகை. ரத்தக்குழாய்ச் சுவருக்கு இறுக்கம் கொடுத்து வீக்கத்தைக் குறைக்குமாம். மூலமும் வீங்கிய ரத்தக்குழாய்தான், காலில் புடைத்திருப்பதும் அதுதான். நாம் நரம்பு என்கிறோமே, அது நரம்பே இல்லை!

இரண்டாம் நாள் அவசரத்தில் பசியாறாமல் இரண்டைப் போட்டுவிட்டேன். பஸ்ஸில் குமட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு வயிற்றில் 2 இட்லியாவது இல்லாமல் தொடவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் குறைந்தது, ஐந்தாம் நாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மாத்திரை மட்டும் செய்த வேலை இல்லை அது. நிறைய தண்ணீர், தினம் பப்பாளி, வெதுவெதுப்பான நீரில் உட்காருவது எல்லாம் சேர்ந்துதான்.

குடல் பரிசோதனையில் வேறு எதுவும் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரி நடையிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது காலுக்காக அதே மாத்திரை மதியம் ஒன்று, இரவு ஒன்று. புடைப்பு மாத்திரையால் மறையாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் சாயங்காலம் கால் இரும்பாய்க் கனக்குமே, அது குறைந்திருக்கிறது. கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் முன்னைப்போல் ஆழமாய் இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் இறுக்கமான காலுறையும் போட்டுக்கொள்கிறேன். இந்த ஊர் வெயிலில் அதுதான் பெரும்பாடு.

நேற்று கடையில் கூட நிற்கும் அக்கா காதோடு கேட்டார்: "எனக்கும் ரத்தம் வருது, அந்த மாத்திரையில நாலு குடேன்." கொடுக்கவில்லை. புதன்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. கிளினிக்குக்கு நானே கூட்டிப்போகிறேன்.