தொப்புளின் இருபுறமும் ஊசி

வேலூர் பக்கம் லத்தேரியைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் 14 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். காட்பாடியில் காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் வயிறு வழிக்கு வராது. பள்ளியில் எங்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறையில் தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் ஒரு பிள்ளையைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போக மனம் வரவில்லை. அடக்கினேன். அடக்கி அடக்கி, ஒரு கட்டத்தில் வயிறு கேட்பதையே நிறுத்திவிட்டது. தீராத மலச்சிக்கல்.

வாரத்துக்கு இரண்டு முறை போனால் பெரிய விஷயம். அதுவும் ஆட்டுப் புழுக்கைபோல, முக்கி முக்கிக் கண்ணில் நீர் வந்த பிறகு. விளக்கெண்ணெய், கடுக்காய்ப் பொடி, இசப்கோல் எல்லாம் பார்த்தாயிற்று. மருந்துக் கடைப் பேதி மாத்திரை ஒன்றில் தொடங்கி மூன்றில் வந்து நின்றது. மாமியார் மட்டும் மாறாமல், "கீரை சாப்பிடும்மா" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கீரையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு 47 வயது என்பதால் குடல் மருத்துவர் முதலில் தைராய்டு, சர்க்கரை, பிறகு குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி என்று எல்லாம் பார்த்தார். கட்டியோ அடைப்போ இல்லை. இதை முடித்துவிட்டு அக்குபங்சர் ஊசிக்குப் போனது நல்லதாயிற்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது இருந்தால் நேரே ஊசிக்கு ஓடக் கூடாது.

மெல்லிய ஊசிகளைக் குத்தி அவற்றில் லேசாக மின்சாரம் பாய்ச்சும் மின் அக்குபங்சரைப் பற்றிச் சொன்னவர் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை. சத்துவாச்சாரியில் இயற்கை மருத்துவம் படித்த ஒரு டாக்டரம்மா. முதல் கேள்வி, "இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறீர்களா?" மின்சாரம் பாய்ச்சுவதால் அது முக்கியமாம். பிறகு, ஆசை காட்டாமல் ஒரு கணக்குச் சொன்னார். சீனாவில் 15 மருத்துவமனைகளில் 1,075 பேரிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வு. 8 வாரத்தில் 28 அமர்வு. மருந்தின் துணையில்லாமல், வயிறு முழுதாகக் காலியானது என்ற திருப்தியோடு வாரத்துக்கு மூன்று முறையாவது போனவர்கள், உண்மையான ஊசி போட்டுக்கொண்டவர்களில் 31.3 சதவீதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போட்ட பாசாங்கு ஊசியில் 12.1 சதவீதம். "மூன்றில் ஒருவர்தானா?" என்றேன். "ஆமாம்" என்றார். அந்த ஆமாமுக்காகவே சேர்ந்தேன்.

படுக்கவைத்து, புடவைக் கட்டைத் தளர்த்தச் சொல்லி, தொப்புளிலிருந்து இரண்டு கட்டைவிரல் அகலம் அளந்தார். தன் விரலால் அல்ல, என் கட்டைவிரலின் அகலத்தைப் பார்த்து. ஆளுக்கு ஆள் அளவு மாறுமாம். இருபுறமும் ஒன்று, இன்னும் சற்று விலகிக் கீழே ஒன்று, முழங்காலுக்குக் கீழே காலின் வெளிப்பக்கம் ஒன்று: ஆக ஆறு ஊசி. தலைமுடியைவிடத் தடிமன்தான். குத்தும்போது வலியில்லை; உள்ளே போனதும் ஒரு கனம், பல் மரத்துப்போவதுபோல. பிறகு ஊசித் தலையில் கிளிப் மாட்டிக் குமிழைத் திருகினார். என் வயிற்றுத் தோல், கொதி வரப்போகும் உலைபோலத் துள்ளத் தொடங்கியது. சிரித்துவிட்டேன், சிரித்தால் ஊசி இழுத்து வலிக்கிறது என்பதும் தெரிந்தது. ஒருநாள் குமிழ் சற்று அதிகமாகத் திரும்பி, கால் தானாக உதைத்தது.

முதல் இரண்டு வாரம் வாரம் ஐந்து நாள், அப்புறம் மூன்று. பள்ளி விட்டு, பாலாற்றுப் பாலம் தாண்டிப் போய், அரை மணி படுத்து, இருட்டிய பிறகு வீடு. ஒரு முறைக்கு 350 ரூபாய், மொத்தம் 9,800. இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை, விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை, மாத்திரை போடாமலே போயிற்று. எட்டாம் வாரத்தில் வாரம் நான்கு முறை.

ஊசிதான் செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா, அரை மணி முன்னதாக எழச் சொன்னார்; காபி குடித்த கையோடு போய் உட்காரச் சொன்னார், வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசையுமாம். மேற்கத்தியக் கழிப்பறையில் காலுக்கடியில் பழைய மணையைப் போட்டு முழங்காலை உயர்த்தச் சொன்னார். எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் செய்தேன்.

தேர்வு வேலை வந்த இரண்டு வாரம் பழையபடி ஆனது, பிறகு சரியானது. நடுவில் காட்பாடியில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக் கழிப்பறையில் மாட்டவைத்தேன். அறுபது ரூபாய். இப்போது இடைவேளையில் அங்கே ஆசிரியைகள் வரிசையில் நிற்கிறார்கள்.