ராஜமலையில் ஒரு குட்டி

செங்குத்தான பாறை. உள்ளங்கை அகல இடத்தில் நாலு குளம்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறது ஒரு வரையாட்டுக் குட்டி. கொம்பு இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. காலில் துளி நடுக்கம் இல்லை.

பிப்ரவரியில் வந்தபோது கேட் பூட்டியிருந்தது. "குட்டி போடுற நேரம் சார், ஏப்ரல்ல வாங்க" என்றார் காவலர். பிள்ளைகள் முகம் வாடிப்போனது.

கேரளத்தில் மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை வருஷா வருஷம் இப்படித்தான் மூடுகிறார்கள், பெரும்பாலும் பிப்ரவரியும் மார்ச்சும். 97 சதுர கிலோமீட்டர் காட்டில் நம்மை விடுவதே இந்த ராஜமலைப் பக்கம் மட்டும்தான். அதையும் அந்த இரண்டு மாதம் ஆடுகளிடமே விட்டுவிடுகிறார்கள். வரையாடு ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். ஆள் கூட்டத்தில் மிரண்டு தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் ஓடினால்? போதாததற்கு, வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மாநில எல்லை அதற்கு எங்கே தெரியும்!

அன்று திரும்பிப் போனதில் இப்போது எனக்கு அவ்வளவு நிம்மதி.

மூடுபனி இறங்கியது. தாய் இரண்டடி ஏறியது. குட்டி ஒரே தாவலில் அதன் வயிற்றடிக்குப் போய்விட்டது.

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.