இரண்டாம் தடவை ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதப் போகிற தம்பி தங்கைகளுக்கு

பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இணைந்த கணிதம் எஸ் (சாதாரண சித்தி), பௌதிகவியல் எஸ், இரசாயனவியல் சி. இரண்டு வருடம் சாம்பல்தீவிலிருந்து திருகோணமலைப் பட்டணத்துக்குச் சைக்கிளில் ரியூசனுக்குப் போய் வந்து, அதற்காக அம்மா காப்பை அடகு வைத்து, கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான். இப்போது அதே நிலையில் நிற்கிற பிள்ளைகள் "திரும்ப எழுதலாமா அக்கா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் முதல் தடவை படித்த மாதிரியே இன்னும் ஒரு வருடம் படிக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

என் மேசைக்கு மேலே "பொறியியல் பீடம்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். காலையில் எழும்பி அதைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும், ஆனால் இன்றைக்கு எந்தக் கணக்கைச் செய்வது என்று அந்தக் கடதாசி ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் எனக்குப் பிடித்த பாடத்தைப் பிடித்த நேரத்தில் படித்தேன். களைத்துப்போய்ப் படுத்தால் நிறையப் படித்துவிட்டேன் என்றுதான் தோன்றும்.

எனக்குப் படிப்பித்த சேர் ஒருவர் சொன்னதன் பேரில் ஒரு பழைய வினாத்தாளை மணிக்கூடு வைத்துச் செய்து, புள்ளித்திட்டத்தைப் பார்த்து நானே திருத்தினேன். அன்றைக்குத்தான் விசயம் விளங்கியது. இணைந்த கணிதத்தில் ஒரு வினாத்தாளுக்கு 1000 புள்ளி. ஏ பகுதியில் 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 25. பி பகுதியில் 7 வினாவில் 5 செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. நான் எப்போதும் பெரிய கணக்குகளுக்கே ஓடுவேன், ஏ பகுதியில் நான்கு வினாவைத் தொடாமலே விட்டிருந்தேன். நேராக 100 புள்ளி போய்விட்டது, அதுவும் கணிதத் தொகுத்தறிவு, சமனிலி, எல்லை என்று வருடா வருடம் வருகிற இடங்களில்!

அந்தக் கடதாசியைக் கழற்றிவிட்டு வேறொன்று எழுதினேன்: "இரண்டு மாதத்துக்குள் ஏ பகுதி பத்து வினாவையும் ஒரு மணித்தியாலத்தில் முடிப்பது." பார்க்கச் சின்ன விசயம் போல இருக்கும், ஆனால் முடிந்ததா இல்லையா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குத் தெரிந்தது. முதல் ஞாயிறு ஐந்துதான் முடிந்தது, எட்டாவது ஞாயிறு ஒன்பது.

அப்புறம் ஒரு பிழைக் கொப்பி வைத்தேன். சரியான விடையை அழகாக எழுதி வைக்கிற கொப்பி இல்லை. புள்ளி ஏன் போனது என்று எழுதுகிற கொப்பி. தெரியாமல் போனதா, தெரிந்தும் பிழைத்ததா, நேரம் போதவில்லையா. பௌதிகவியல் எம்.சி.கியூ (பல்தேர்வு) 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம், ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன் வருகிறது, நானோ கடினமான ஒன்றில் ஆறு ஏழு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். பிழை விடைக்குப் புள்ளி கழிக்காத வினாத்தாளில் கடைசி எட்டு வினாவை வெறுமையாக விட்டு வந்திருக்கிறேன். இதெல்லாம் எழுதி வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது, மனதில் வைத்திருந்தபோது "பேப்பர் கஷ்டம்" என்ற ஒரே சொல்லாகத்தான் இருந்தது.

இலக்கு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்து வையுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அதில் திருகோணமலையும் ஒன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடுகிற இசட் வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி) பட்டியலில் எங்கள் மாவட்டத்தின் வரிசையைத் தேடுங்கள். கொழும்புப் பிள்ளை எடுத்த புள்ளியைப் பார்த்துவிட்டு "எனக்குச் சரிவராது" என்று முடிவெடுக்காதீர்கள்.

மாரி வந்ததும் அப்பா கடலுக்குப் போக முடியாது, அந்த மாதங்களில் ரியூசனை நிறுத்தினேன். அழுகைதான் வந்தது. ஆனால் அந்த நேரத்தைப் பட்டணத்து நூலகத்தில் பழைய வினாத்தாள்களோடு கழித்தேன், உண்மையைச் சொன்னால் அதிகம் முன்னேறியது அப்போதுதான். பிறகு காய்ச்சல் வந்து இரண்டு கிழமை படுத்தேன். எழும்பியதும் விட்டதையெல்லாம் ஒரே கிழமையில் பிடிக்கப் பார்த்து மூன்றாம் நாள் மொத்தமாகக் கைவிட்டேன். அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஏ பகுதி வினா என்று குறைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். விழுந்த கிழமையில் இலக்கைச் சுருக்குங்கள், விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும் சொல்லாதீர்கள். பத்திரகாளி அம்மன் கோயிலில் கண்ட ஒரு மாமி "இன்னும் படிக்கிறியா பிள்ளை?" என்று கேட்டது நாலு நாள் காதுக்குள் நின்றது. என் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவவுக்குக் கணிதம் தெரியாது, "இந்தக் கிழமை எத்தனை?" என்று மட்டும் கேட்பா. அது எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டாம் தடவை இணைந்த கணிதம் பி, பௌதிகவியல் பி, இரசாயனவியல் சி. பொறியியலுக்குப் போதவில்லை, பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது. மூன்றாம் தடவையும் எழுத அனுமதி இருந்தது, ஒரு கிழமை யோசித்தேன், பிறகு கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனேன். காப்பை மீட்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.