1,000 ரூபாய் பென்ஷனும் ஓர் இனிஷியலும்

அப்பா எண்ணூர் அசோக் லேலண்டில் 33 வருடம் லாரி சேஸிஸ் பூட்டியவர். 2011இல் 58 வயதில் ஓய்வு. இந்தத் தையில் போய்விட்டார். இறப்புச் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்தது, 21 நாளுக்குள் பதிந்துவிட்டோம். பி.எஃப்.போடு சேர்ந்த தொழிலாளர் பென்ஷன் திட்டமான இ.பி.எஸ்.-95 பென்ஷனை அம்மா பெயருக்கு மாற்றத்தான் பி.எஃப். ஆபீசுக்கு நாலு நடை.

முதல் நாள் பென்ஷன் கேட்கும் படிவம் 10-டி, ஆதார், பாஸ்புக் எல்லாம் நீட்டினோம். கவுண்டரில் இருந்தவர் இரண்டு தாளை ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளு சார்" என்றார். பென்ஷன் வழங்கும் ஆணையான பி.பி.ஓ.வில் அம்மா பெயருக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் இனிஷியல், ஆதாரில் என் அப்பாவுடையது. ஆதார் முகாம் வரிசையில் ஒரு பகல் முழுக்க நின்று, "என் எழுத்தைப் போடுங்க" என்று ஆசையாக மாற்றியவரே அப்பாதான்!

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பத்திரத்தோடு போனால், ஜோடியாக எடுத்த போட்டோ எங்கே என்றார்கள். அதை முதல் நாளே சொன்னால் என்ன? மூன்றாம் நடையில் அந்த செக்‌ஷன் ஆள் லீவு. நாலாவது முறை வேறொரு பெண் அலுவலர், பழைய கோப்பைத் தானே தேடி எடுத்தார். 2011இல் ஸ்டூடியோவில் எடுத்த படம் உள்ளேயே இருந்தது. அம்மா தோள்மேல் அப்பாவின் கை, ஸ்பேனர் வழுக்கி அடிபட்டுக் கறுத்த கட்டைவிரல் நகம். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள். "இவங்கதான்" என்று கையெழுத்துப் போட்டார் அவர்.

அப்பாவுக்கு 1,870 வந்தது. மனைவிக்குப் பாதி என்றால் 935. குறைந்தபட்சம் ஆயிரம் என்று 2014இல் ஆக்கியதால் ஆயிரம்.

பெற்றோர் இருவரும் இருக்கும்போதே பி.பி.ஓ.வையும் ஆதாரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். இறப்பை வங்கிக்கு உடனே சொல்லுங்கள். அதற்கப்புறம் வரவாகும் பென்ஷனைத் தொடாதீர்கள், திரும்பக் கேட்பார்கள்.

அன்று கடைசியாக, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஓர் உறுதிமொழி. அம்மாவுக்கு வயது 67. காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் டிகாக்‌ஷன் இறக்கி, அவளுக்குக் காபி போட்டு பிளாஸ்க்கில் வைத்துவிட்டுப் போன மனுஷனின் மனைவி. வரிமேல் விரல் வைத்துப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், எதுவும் பேசவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"உங்கப்பா இருந்திருந்தா, இதைக் கேட்டுச் சிரிச்சே செத்திருப்பாருடா."