எந்தப் பள்ளியை முதலில் கட்டுவது?

மூன்று மனுக்கள் மேசைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளி கூட்ட அரங்கு கேட்கிறது. இண்டுவெட்வே மலைச்சரிவில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் குழிக் கழிப்பறைதான் இருக்கிறது. வெருலம் பக்கம் எழும்பிவரும் அரசு வீட்டுத் திட்டத்துக்குள் பள்ளியே இல்லை. மூன்றும் நியாயமான மனுக்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில் பள்ளிக் கட்டடத் திட்டமிடும் வேலை என்பது ஆண்டு முழுதும் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான்.

நம் முன்னோர் காலத்தில் அந்த விடை ஊர் மக்களின் மடிப்பணத்தில் இருந்தது. நடாலில் இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பெரும்பகுதி அரசு உதவி பெற்றவை. கட்டடச் செலவில் பாதியைச் சமூகம் திரட்டினால் மறுபாதியை அரசு கொடுக்கும். டர்பனில் 1929-ல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் சமூகத்தின் நன்கொடையில் எழுந்ததுதான். கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த அந்த மக்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. ஆனாலும் பணம் திரட்ட முடிந்த ஊருக்குப் பள்ளி முதலில் வந்தது, கரும்புத் தோட்டத்துக் கோடியில் இருந்தவர்களுக்குக் கடைசியில் வந்தது. வந்த பிறகும் இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ‘பிளட்டூன்’ வகுப்புகள் பல ஆண்டுகள் நடந்தன. இன்று பாதிச் செலவை யாரும் கேட்பதில்லை. என்றாலும் நல்ல மனு எழுதத் தெரிந்த, அலுவலகத்துக்கு நடையாக நடக்க நேரமுள்ள ஆட்சிக்குழு எந்தப் பள்ளிக்கு இருக்கிறதோ அது வரிசையில் முன்னால் வந்துவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, எல்லாப் பள்ளிக்கும் ஒரே கணக்கைப் போட்டு, அந்தக் கணக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது.

கணக்கின் முதல் வரி ஆபத்து. 2013 நவம்பர் 29 அன்று வெளியான பள்ளிக் கட்டமைப்பு விதிகள் இந்த வரிசையை ஏற்கெனவே சொல்லிவிட்டன. மண், ஆஸ்பெஸ்டாஸ், மரம், தகரம் ஆகியவற்றால் கட்டிய பள்ளிகளை மாற்றுவதும், தண்ணீர், மின்சாரம், கழிப்பறை அறவே இல்லாத பள்ளிகளுக்கு அவற்றைக் கொடுப்பதும் மூன்று ஆண்டுக்குள். போதிய வகுப்பறையும் சுற்றுவேலியும் ஏழு ஆண்டுக்குள். நூலகமும் ஆய்வகமும் பத்து ஆண்டுக்குள். முழுக்க மண்ணாலான பள்ளி மட்டுமா, பெரும்பகுதி மண்ணாலான கட்டடமும் இதில் சேருமா என்ற கேள்வி எழுந்தபோது, 2018-ல் பிஷோ உயர் நீதிமன்றம் அதுவும் சேரும் என்று தீர்ப்பளித்தது. பிறகு 2024-ல் விதிகள் திருத்தப்பட்டுக் கெடுநாள்கள் நீக்கப்பட்டன. நாள்தான் போயிற்று, வரிசை போகவில்லை. திட்டமிடுபவர் அதைக் கைவிடாமல் இருக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014-ல் லிம்போப்போ மாகாணத்தில் மைக்கேல் கொமாபே என்ற ஐந்து வயதுப் பையன் பள்ளிக் குழிக் கழிப்பறையில் விழுந்து இறந்தான். 2018-ல் பள்ளிக் கழிப்பறைகளுக்கென்றே ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு: கழிப்பறையை ஒருபோதும் ‘புதுப் பள்ளி வரும்போது சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்’ என்று எழுதக் கூடாது. புதுப் பள்ளி வரப் பல ஆண்டு ஆகும். காற்றோட்டக் குழாயுடன் கூடிய மேம்பட்ட கழிப்பறைத் தொகுதி சில மாதத்தில் முடியும் வேலை. இரண்டையும் வேறு வேறு பட்டியலில் வைத்தால்தான் ஒன்றுக்காக மற்றது காத்துக் கிடக்காது. பழைய குழியை மூடி மண் நிரப்பி மேலே இருக்கும் கூட்டையும் இடித்த பிறகே அந்த வேலை முடிந்ததாகச் சான்று தர வேண்டும். புதியது கட்டிவிட்டுப் பழையதை அப்படியே விட்டால் ஆபத்தும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது இருக்கைக் கணக்கு. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ஒரு வகுப்புக்கு 40 பேர், கிரேட் 1-க்கு முந்தைய கிரேட் ஆர் வகுப்புக்கு 30 பேர் என்பது அளவு. மாணவருக்கு 1 சதுர மீட்டர், ஆசிரியருக்கு 7 சதுர மீட்டர் என்று போட்டால் 47 வரும், அதனால்தான் வழக்கமான அறை 48 சதுர மீட்டர். தொடக்கப் பள்ளிகளின் அளவு வகைகளான 310, 620, 930 என்ற எண்களும் இதிலிருந்து வந்தவையே. கிரேட் 1 முதல் 7 வரை ஏழு வகுப்பு, தலா 40 பேர் என்றால் 280, கிரேட் ஆர் 30, ஆக 310. ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிரிவு வைத்தால் 620, மூன்று வைத்தால் 930. 930 பேர் பள்ளிக்கு 21 அறையும் கிரேட் ஆருக்கு 3 அறையும் வேண்டும். 2024-ல் நிறைவேறிய பள்ளிச் சட்டத் திருத்தம் கிரேட் ஆரைக் கட்டாயமாக்கிவிட்டதால், பழைய வரைபடத்தை எடுத்து அப்படியே கட்டினால் அந்த அறைகள் குறையும்.

வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக அறையான மொபைல் வகுப்பறையை இருக்கையாக எண்ணுவதுதான் பெரிய பிழை. ஒரு பகுதியில் நான்கு தொடக்கப் பள்ளிகள், அவற்றில் மொத்தம் 75 நிரந்தர அறைகள், 3,600 பிள்ளைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 75 அறையில் 3,000 இருக்கை, பற்றாக்குறை 600. இப்போது வளாகங்களில் நிற்கும் 12 மொபைல் அறைகளையும் சேர்த்து எண்ணினால் பற்றாக்குறை 120 ஆகக் குறைந்துவிடும். முதல் கணக்குப்படி புதுப் பள்ளி ஒன்று வேண்டும். இரண்டாம் கணக்குப்படி மூன்று அறை சேர்த்தால் போதும். ஒரே ஊர், ஒரே பிள்ளைகள். இரண்டாம் கணக்கை நம்பிப் புதுப் பள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்கினால், அந்தத் தகர அறைகளிலேயே கோடையைக் கழிக்கப் பிள்ளைகளை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். மொபைல் அறை நெருக்கடிக்கு உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி வேண்டும். பண்டக அறையாகிவிட்ட வகுப்பறை, கணினி அறையான வகுப்பறை ஆகியவற்றையும் நேரில் போய் எண்ண வேண்டும். தேசியக் கட்டமைப்புப் பதிவேடான நீம்ஸில் உள்ள எண்ணுக்கும் தரையில் உள்ள எண்ணுக்கும் வேறுபாடு இருப்பது சாதாரணம்.

எண்ணும்போது பிள்ளை எங்கே படிக்கிறது என்பதோடு எங்கே குடியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். சாட்ஸ்வொர்த் பள்ளிகளுக்குப் பக்கத்திலுள்ள உம்லாசியிலிருந்து பிள்ளைகள் தினமும் வேன் ஏறி வருகிறார்கள். அங்கே ஒரு பள்ளி நிரம்பி வழிந்தால் அங்கேயே புதுக் கட்டடம் கட்டுவதா, பிள்ளைகள் குடியிருக்கும் இடத்தில் கட்டுவதா? விதிகள் பள்ளியைச் சுற்றி 3 கிலோமீட்டர் வரை ஆரமுள்ள பகுதியைச் சொல்கின்றன, அதைப் பார்த்தால் விடை எளிது. ஆனால் பெற்றோர் தேடிப் போவது கட்டடத்தை மட்டுமில்லை, நடத்தும் முறையையும் ஆசிரியர்களையும்தான். வீட்டருகே கட்டிய பள்ளிக்கு நல்ல தலைமையாசிரியரும் முழு ஆசிரியர் அணியும் வராவிட்டால் வேன்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டடத் திட்டத்தையும் ஆசிரியர் பணியிடத் திட்டத்தையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

புதுக் குடியிருப்புகளுக்கு ஏறத்தாழ 7,000 மக்களுக்கு ஒரு தொடக்கப் பள்ளி, 12,500 மக்களுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி என்பது திட்டமிடுவோர் கையாளும் அளவுகோல். வீட்டுத் துறை அடித்தளம் தோண்டும் நாளிலேயே பள்ளிக்கான நிலம் வரைபடத்தில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். வீடு நிரம்பிய பிறகு தேடினால் எவரும் வேண்டாத பள்ளமோ ஓடைக்கரையோதான் மிஞ்சும்.

இப்படி ஆபத்தும் இருக்கையும் சேர்ந்து ஒரு வரிசை கிடைக்கிறது. இந்த வரிசை ஏன் பாதி வழியில் குலைகிறது? முதலிடத்தில் இருக்கும் பள்ளிக்கு நிலம் தயாராக இருக்காது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும். உடனே ஒன்பதாம் இடத்தில் இருந்த, நிலம் தயாராக உள்ள பள்ளி மேலே ஏறிவிடும். யாரும் அநியாயம் செய்ய நினைக்கவில்லை, ஆனால் இப்படியே மூன்று நான்கு ஆண்டு நடந்தால் முதலிடத்துப் பள்ளி நிரந்தரமாக முதலிடத்திலேயே நிற்கும். ஆகவே பட்டியலின் முதல் பத்துப் பள்ளிகளுக்கு நிலம், மண், தண்ணீர் வேலைகளைக் கட்டடப் பணம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே தொடங்கிவிட வேண்டும். அதற்கென்று சிறு தொகையை ஒதுக்குவது வீண் செலவாகாது. வரிசையைக் காப்பாற்றுவதே அந்தத் தொகைதான்.

நிலம் யாருடையது என்பது முதல் கேள்வி. குவாசூலு-நடாலின் கிராமப்புறத்தில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர், சூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கோன்யாமா அறக்கட்டளையிடம் இருக்கிறது. அங்கே பாரம்பரிய மன்றத்தின் சம்மதமும் குத்தகையும் வேண்டும். கோயில் அறக்கட்டளை, தேவாலயம், தோட்ட முதலாளி ஆகியோரின் நிலத்தில் நிற்கும் பொதுப்பள்ளிக்கு, 1996-ம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் 14-ம் பிரிவின்படி உரிமையாளரோடு ஒப்பந்தம் தேவை. நம் சமூகம் எழுப்பிய பழைய பள்ளிகள் சிலவற்றின் நிலையும் இதுதான். 60 ஆண்டுக்கு மேல் பழைய கட்டடமானால் இடிக்கும் முன் மரபுரிமை அனுமதி வாங்க வேண்டும். ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் இயற்கைத் தாவரத்தை வெட்ட வேண்டியிருந்தாலும், ஓடையிலிருந்து 32 மீட்டருக்குள் கட்டுவதானாலும் சுற்றுச்சூழல் மதிப்பீடு வரக்கூடும். இவை எல்லாம் தாள் வேலை. ஆனால் கட்டடத்தை விட அதிக நாள் எடுப்பது பெரும்பாலும் இவைதான்.

பிறகு மண். டர்பன் கரையோரத்துச் செம்மணல் காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும், நனைந்தால் சட்டென்று அமிழும். அந்த மண்ணில் கூரை நீர்க்குழாயை அடித்தளத்தின் ஓரத்திலேயே விட்டால் சில மழைக்காலத்தில் சுவர் பிளக்கும். கட்டடத்தைச் சுற்றிக் கான்கிரீட் ஓரத்தளமும், நீரைத் தூரமாய்க் கொண்டுபோகும் வாய்க்காலும் அலங்காரமாகப் போடப்படுவதில்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே அடியில் டோலமைட் பாறை கரைந்து திடீர்ப் பள்ளம் விழும் அபாயம் உண்டு, அதற்கான தனி ஆய்வில்லாமல் நிலத்தை ஏற்கவே கூடாது.

மலைச்சரிவில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பித்தான் சமதளம் எடுக்க முடியும். ஒரே கட்டடத்தின் பாதி வெட்டிய தரையிலும் பாதி நிரப்பிய தரையிலும் நின்றால், இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் நிச்சயம். நிரப்பு மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கிச் சோதிக்க வேண்டும். அவசரத்தில் அரை மீட்டரை ஒரேயடியாகக் கொட்டி உருளையை ஓட்டினால் மேற்பரப்பு மட்டும் இறுகும். தளங்களைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரே வகைத் தரையில் நிறுத்துவது நல்லது. படிகளுக்கு இடையே சக்கர நாற்காலிக்கு 1:12-க்கு மேல் செங்குத்தாகாத சாய்தளம் வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம் போகும், அந்த இடத்தையும் வரைபடத்தில் முதலிலேயே விட்டுவைக்க வேண்டும்.

தண்ணீருக்கு மழைநீரைச் சேமிக்கும் பிளாஸ்டிக் ஜோஜோ தொட்டி போதும் என்று எழுதிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். வீணாவது போகக் கையில் வருவது 8,000 என்று கொள்ளலாம். 930 பிள்ளைகள் குடிக்கவும் கை கழுவவும் தலைக்கு 5 லிட்டர் என்றால் ஒரு நாளுக்கு 4,650 லிட்டர். அந்த மழை இரண்டு நாளைக்குக்கூடத் தாங்காது. ஜூன், ஜூலையில் மழையே அரிது. நகராட்சிக் குழாயோ, விளைச்சலும் தரமும் சோதித்த ஆழ்துளைக் கிணறோ உறுதியான பிறகே நீர் பாய்ச்சும் கழிப்பறையை வரைய வேண்டும்.

இந்த நாட்டில் மூன்று நாட்காட்டிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, நடாலில் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. நடுவில் டிசம்பர் மத்தியில் கட்டடத் தொழிலே விடுமுறைக்கு மூடிவிடும். ஏப்ரலில் ஒப்பந்தப்புள்ளி கோரி அக்டோபரில் வேலையை ஒப்படைத்தால், மண்வேலை முழுவதும் மழையில் மாட்டிக்கொள்ளும். நனைந்த களிமண்ணை இறுக்க முடியாது, இயந்திரங்கள் வாடகைக்கு நின்றுகொண்டிருக்கும், ஒப்பந்ததாரர் கால நீட்டிப்பு கேட்பார். ஒப்பந்தப்புள்ளி முந்தைய நிதியாண்டிலேயே முடிந்து, ஏப்ரல் அல்லது மே மாதத்தில் தளத்தை ஒப்படைத்தால் வறண்ட மாதங்கள் மண்வேலைக்குக் கிடைக்கும், மழை வருமுன் அடித்தளம் எழும்பிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் சேதமடைந்தன. அப்படியொரு ஆண்டில் பட்டியலையே மறுபடி எழுத வேண்டியிருக்கும். ஆனால் வெள்ளச் சேதத்துக்கான பணத்தைப் புதுப் பள்ளித் தலைப்பிலிருந்து எடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், வரிசை மீண்டும் குலையும்.

தளத்தில் வேலை நிற்கும் காரணங்களில் உள்ளூர்க் குழுக்களின் கோரிக்கை முக்கியமானது. வேலையில் முப்பது விழுக்காடு எங்களுக்கு வேண்டும் என்று வாசலை அடைத்துவிடுவார்கள். வேலியடைப்பு, ஓரத்தளம், பெயின்ட், கழிவுநீர்க் குழாய் முதலிய எவை உள்ளூர்த் துணை ஒப்பந்தத்துக்கு என்று அளவைப் பட்டியலிலேயே பிரித்து எழுதி, ஊர்ப் பிரதிநிதிகள் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தளம் ஒப்படைக்கும் முன்பே அமைத்துவிட்டால் பெரும்பாலான தகராறு வருமுன் அடங்கும். வந்த பிறகு பேசத் தொடங்கினால் ஒவ்வொரு வாரமும் பணமாகக் கரையும்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. புயல்காற்றில் பறப்பவை பெரும்பாலும் தகடு வேய்ந்த இலகுவான கூரைகள். மரச்சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையைச் சுமார் 600 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செங்கல் வரிசைகளுக்குள் இறக்க வேண்டும். கடைசி இரண்டு வரிசையில் மட்டும் மாட்டினால் கூரை அந்த வரிசைகளையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகும். பூச்சு பூசிய பிறகு இதைப் பார்க்க முடியாது, சுவர் எழும்பும்போதே ஆய்வாளர் அங்கே நிற்க வேண்டும்.

கடைசியாக, கல்வித் துறையின் தகவல் பதிவேட்டில் பள்ளிக்குரிய ஈமிஸ் எண். கட்டடம் ஆயத்தமாகி எண் வராவிட்டால் பிள்ளைகளைப் பதிய முடியாது, ஆசிரியர் பணியிடம் ஒதுக்க முடியாது, மதிய உணவுத் திட்டப் பணமும் வராது. ஆசிரியர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் கடைசிக் காலாண்டுக்குள் முடிவாகிவிடுவதால், ஜனவரியில் திறக்க வேண்டிய பள்ளிக்குப் பதிவு விண்ணப்பம் சுவர் எழும்பத் தொடங்கும்போதே போக வேண்டும். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் மாறி வருவார்கள், அங்கே எந்த மொபைல் அறைகள் அகற்றப்படும், அவை அடுத்து எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதையும் அதே கோப்பில் எழுதிவைத்தால், அடுத்த ஆண்டின் இருக்கைக் கணக்கு சரியான எண்ணிலிருந்து தொடங்கும்.