எப்போதுக்குள் வேண்டும்?

புது நாட்டு அலுவலகத்தில் வேலையைக்கூடப் பழகிவிடலாம். வேலைக்கு நடுவே வந்து 'ஒரு நிமிடம் இருக்கிறதா?' என்று கேட்பவரிடம் 'இப்போது முடியாது' என்று சொல்லப் பழகுவதுதான் கஷ்டம். விசாவே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது சுலபத்தில் வாய் வராது.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. தாய்மொழிக்குப் பிறகு கற்ற மொழியில் ஒரு மின்னஞ்சல் எழுதும்போது சொல்ல வந்த விஷயம், அதற்கேற்ற வாக்கியம், படிப்பவருக்கு அது முரட்டுத்தனமாகப் படுமா என்ற யோசனை எல்லாம் ஒன்றாக மனதில் ஓடும். சாட்டில் ஒரு செய்தி வந்து விழுந்தால் மொத்தமும் கலைந்துவிடும்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் கொஞ்சம் பழைய வேலையிலேயே தங்கிவிடும் என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் ஆய்வு செய்து எழுதினார். குளோரியா மார்க் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2008இல் கண்டது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: குறுக்கீடுகளுக்கு நடுவே வேலை செய்தவர்கள் வேகமாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் கூடியிருந்தன. அதாவது மேலாளர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். சுமை நம் தலையில்தான்.

நான் செய்வது இதுதான். யாராவது கூப்பிட்டால், திரும்புவதற்கு முன் ஒரு வரி தட்டிவிடுவேன்: 'மார்ச் பில் வரை சரிபார்த்தாச்சு, அடுத்து வரித்தொகை.' அதைத் தமிழிலேயே எழுதுகிறேன், வேகமாக வருகிறது. விட்ட இடத்தையும் அடுத்த படியையும் இப்படிக் குறித்துவைத்தால் புது வேலையில் மனம் நன்றாகப் பதிகிறது என்று லெராயும் தெரசா குளோம்பும் 2018இல் காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், 'முடியாது' என்பதற்குப் பதில் 'எப்போதுக்குள் வேண்டும்?' என்று கேட்கிறேன். பெரும்பாலும் 'நாளைக்குள் போதும்' என்றுதான் பதில் வருகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவசரப்படுத்தினால், எது முதலில் என்று மேலாளரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அது அவர் வேலை, தயங்கவே வேண்டாம்.

வீட்டிலிருந்து வரும் போன் தனி விஷயம். நேர வித்தியாசத்தால் அவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நமக்கு மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும். எடுக்காவிட்டால் என்ன ஆயிற்றோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஐபோனில் 'தொந்தரவு செய்யாதே' போட்டிருந்தாலும், அதே எண்ணிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிட்டால் மணி அடிக்கும்படி வைக்கலாம். அவசரம் என்றால் உடனே இரண்டாம் முறை கூப்பிடும்படி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மற்ற அழைப்புகளுக்கு மதிய இடைவேளையில் நானே பேசிவிடுகிறேன்.